57 மணி நேரம், 4 மில்லிவோல்ட்

பரணிலிருந்து ஒரு பெட்டி இறங்குகிறது. உள்ளே 60 எல்பி, 60 இபி என்று வைத்துக்கொள்வோம். பாட்டுக் கிறுக்குப் பிடித்த அப்பாவோ தாத்தாவோ இருந்த வீட்டில் இது பெரிய எண்ணிக்கை அல்ல. இவற்றைக் கணினியில் ஏற்ற என்ன செலவாகும் என்று கேட்பவர்கள் முதலில் கருவிகளின் விலையைத்தான் விசாரிப்பார்கள். நான் முதலில் கடிகாரத்தைப் பார்க்கச் சொல்வேன்.

33⅓ சுழற்சியில் ஓடும் எல்பி இரு பக்கமும் சேர்ந்து சுமார் 44 நிமிடம். 45 சுழற்சியில் ஓடும் 7 அங்குல இபி, பக்கத்துக்கு இரண்டு பாட்டு வீதம் 13 நிமிடம். அறுபது எல்பிக்கு 2,640 நிமிடம், அதாவது 44 மணி. அறுபது இபிக்கு 780 நிமிடம், 13 மணி. கூட்டினால் 57 மணி நேரம். இதில் ஒரு நிமிடத்தைக்கூடப் பேரம் பேசிக் குறைக்க முடியாது. சிடியில் இருப்பதைச் சில நிமிடங்களில் கணினிக்கு மாற்றிவிடலாம். இசைத்தட்டோ பாடுகிற வேகத்தில்தான் பாடும். பக்கத்திலேயே உட்கார்ந்து 240 தடவை ஊசி வைக்க ஆளும் வேண்டும்.

தட்டுக்கு 5 நிமிடம் துடைக்க என்றால் அது 10 மணி. எல்பிக்கு 8 பாட்டு, இபிக்கு 4 பாட்டு என்று போட்டால் 720 பாட்டு. ஒவ்வொன்றையும் வெட்டிப் பெயர் எழுத 2 நிமிடம் வீதம் 24 மணி. ஆக மொத்தம் 91 மணி. நாளுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குகிறவருக்கு மூன்று மாத வேலை.

ஊசிக்கும் ஆயுள் உண்டு. நீள்வட்ட முனைக்கு 300 மணி, கூம்பு முனைக்கு 500 மணி என்பது ஆடியோ டெக்னிகா சொல்லும் கணக்கு. 57 மணி என்பது நீள்வட்ட ஊசியின் ஆயுளில் 19 சதவீதம். ஊசியின் விலை 3,000 ரூபாய் என்று கொண்டால் மணிக்கு 10 ரூபாய். பெட்டி முழுவதற்கும் 570 ரூபாய் தேய்மானம்.

இந்த 57 மணியும் 570 ரூபாயும் ஒரு முறை போகவேண்டியவைதான். இணைப்பில் ஒரு கோளாறு இருந்து, கடைசித் தட்டு முடிந்த பிறகு அது காதில் பட்டால் இரண்டும் மறுபடி போகும். பாட்டுகளை வெட்டியும் முடித்திருந்தால் 57 மணி 81 மணி ஆகும். தட்டில் கீறல் இருந்தால் அந்தப் பாட்டோடு போயிற்று. கம்பியில் இருக்கும் கோளாறு 120-ஆல் பெருக்கப்படும். நல்லவேளை, கம்பிக் கோளாறு சும்மா இருக்காது; மில்லிவோல்ட்டிலோ ஹெர்ட்ஸிலோ நொடியிலோ ஏதாவது ஓர் எண்ணில் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். அந்த எண்களைத் தெரிந்துவைத்திருந்தால் முதல் தட்டுக்கு முன்பே பிடித்துவிடலாம்.

ஹார்டு டிஸ்க்கில் இடம் போதுமா என்ற கவலையை முதலிலேயே முடித்துவிடுவோம். 16 பிட், நொடிக்கு 44,100 மாதிரி, இரண்டு சேனல் என்றால் நொடிக்கு 1,76,400 பைட், நிமிடத்துக்கு 10.58 எம்பி, 57 மணிக்கு 36 ஜிபி. ஒலி ஆவணக் காப்பகங்களின் சர்வதேசச் சங்கமான ஐஏஎஸ்ஏ, 24 பிட்டையும் குறைந்தது 48,000 மாதிரியையும் பரிந்துரைக்கிறது. அதற்கு 59 ஜிபி. 96,000-க்குப் போனால் 118 ஜிபி. இன்றைய டிஸ்க்குகளுக்கு இது ஒரு மூலை. இடத்தை மிச்சம் பிடிக்க நேராக எம்பி3 ஆகப் பதிகிறவர்கள், கணக்கில் மிக மலிவான இனத்தில் சிக்கனம் செய்து மிக விலையுயர்ந்த இனத்தை விரயம் செய்கிறார்கள். வேவ் அல்லது ஃபிளாக்காக வைத்துக்கொண்டால் எம்பி3 எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

இனி மின்னழுத்தக் கணக்கு. நான் பார்த்தவரை தொல்லை பெரும்பாலும் இங்கேதான் தொடங்கும்.

“சார், மீட்டர் துளிகூட ஆடமாட்டேங்குது. வால்யூமை முழுசா வச்சிட்டேன், கொசு பாடுற மாதிரி கேக்குது.”

“பிளேயர் பின்னால ஃபோனோ, லைன்னு சின்னதா ஒரு சுவிட்ச் இருக்கா பாருங்க.”

“அதெல்லாம் இல்லைங்க. ரெண்டு ஒயர், ஒரு பச்சைக் கம்பி. அவ்வளவுதான்.”

அவ்வளவுதான் என்று அவர் சொன்னதிலேயே விடை இருக்கிறது. இன்று புழங்கும் காந்தக் கார்ட்ரிட்ஜ், அதாவது எம்எம் வகை, 3 முதல் 6 மில்லிவோல்ட்தான் தரும். நடுவாக 4 என்று எடுத்துக்கொள்வோம். கணினியின் லைன்-இன் ஏறக்குறைய 1 வோல்ட்டில் நிரம்புகிறது என்று கொண்டால், 4 மில்லிவோல்ட் அதில் 250-இல் ஒரு பங்கு. டெசிபலில் சொன்னால் உச்சிக்கு 48 கீழே. 16 பிட்டில் கிடைக்கும் 96 டெசிபலில் பாதி அங்கேயே போய்விடும். மீதியை மென்பொருளில் உயர்த்தினால் பாட்டோடு கணினியின் இரைச்சலும் சேர்ந்து உயரும்.

ஒலியளவு மட்டும் குறைந்தால் பரவாயில்லை. இசைத்தட்டில் வெட்டும்போதே அடிநாதத்தைக் குறைத்து, உச்ச நாதத்தைக் கூட்டித்தான் வெட்டுகிறார்கள். அடிநாதத்தை அப்படியே வெட்டினால் பள்ளம் அகன்று, ஒரு பக்கத்தில் அத்தனை நிமிடம் கொள்ளாது. 1954-இல் அமெரிக்க இசைத்தட்டு நிறுவனங்களின் சங்கமான ஆர்ஐஏஏ வகுத்த வளைவு இது. திரும்பக் கேட்கும்போது அதே வளைவைத் தலைகீழாகப் போட வேண்டும்: 20 ஹெர்ட்ஸில் 19.3 டெசிபல் கூட்டல், 20,000 ஹெர்ட்ஸில் 19.6 டெசிபல் கழித்தல். இரண்டு முனைக்கும் நடுவே கிட்டத்தட்ட 39 டெசிபல் வித்தியாசம், அதாவது 88 மடங்கு. இதைச் செய்யும் பெட்டிதான் ஃபோனோ பிரீஆம்ப். அது இல்லாமல் பதிந்தால் மிருதங்கத்தின் தொப்பி காணாமல்போய், வயலின் தகரத்தில் கீறியதுபோல் வரும்.

பிரீஆம்ப் 40 டெசிபல், அதாவது 100 மடங்கு பெருக்கினால் 4 மில்லிவோல்ட் 400 ஆகும். இது சராசரிதான், பாட்டு உச்சத்துக்குப் போகும் இடங்களில் மூன்று, நான்கு மடங்கு எகிறும். 1.6 வோல்ட் வந்து 1 வோல்ட் வாசலில் முட்டும். ஆகவே வெளியீட்டைக் குறைக்கும் திருகு உள்ள பிரீஆம்ப் கைக்கு நல்லது, அல்லது 35 டெசிபல் போன்ற குறைந்த பெருக்கம் உள்ளது. 35 என்றால் 56 மடங்கு, 225 மில்லிவோல்ட், உச்சத்தில் 0.9 வோல்ட்; வாசலில் தலை இடிக்காது. பதியும்போது மிக உரத்த இடம் மீட்டரில் உச்சிக்கு 6 டெசிபல் கீழே நின்றால் போதும். 6 டெசிபல் விட்டுக்கொடுத்தால் இழப்பது ஒரே ஒரு பிட். மீதியுள்ள 15 பிட்டில் 90 டெசிபல் கிடைக்கும். தட்டின் சொந்த இரைச்சலோ பாட்டுக்கு 60, 65 டெசிபல் கீழேயே உட்கார்ந்திருக்கும். மீட்டரைச் சிவப்புவரை துரத்துவதில் லாபம் எதுவும் இல்லை.

நேர்மாறான கோளாறும் உண்டு. பிளேயருக்குள்ளேயே பிரீஆம்ப் இருக்கும், சுவிட்ச் லைன் பக்கம் இருக்கும். அதை ஆம்ப்ளிஃபையரின் ஃபோனோ துளையில் செருகுவார்கள். உப்புப் போட்ட குழம்பில் இன்னொரு கை உப்பு. 400 மில்லிவோல்ட்டை 100-ஆல் பெருக்கினால் 40 வோல்ட் வர வேண்டும்; எந்தப் பெட்டியும் தராது. அலையின் தலை வெட்டுப்பட்டுக் கரகரக்கும், அடிநாதம் இரண்டு முறை கூட்டப்பட்டுச் சேறாகும். கீச்சென்று மெலிந்து கேட்டால் பிரீஆம்ப் இல்லை, திம்மென்று கரகரத்தால் இரண்டு இருக்கிறது. இந்தச் சோதனைக்குக் காது போதும்.

பிரீஆம்ப் தனியாக வாங்கினால் இரண்டு, மூவாயிரம் ரூபாயில் ஒன்று கிடைக்கும். வாங்குவதற்கு முன் வீட்டில் பழைய ஆம்ப்ளிஃபையர் இருக்கிறதா என்று பாருங்கள். ஃபோனோ துளை இருந்தால் உள்ளே பிரீஆம்பும் இருக்கிறது. பின்புறம் டேப் அவுட் அல்லது ரெக் அவுட் என்று எழுதிய துளையிலிருந்து லைன் அளவு வெளியே வரும். செலவு ஒரு கம்பி, ரிச்சி தெருவில் இருநூறு ரூபாய்க்குள். ஹெட்போன் துளையிலிருந்து எடுக்கும் பழக்கத்தை நான் ஆதரிப்பதில்லை. யாராவது வால்யூம் திருகைத் தொட்டால் பதிவின் அளவும் மாறிவிடும். 57 மணி நேரத்தில் யாராவது தொடாமல் இருக்கமாட்டார்கள்.

சூட்கேஸ் போன்ற பழைய பிளேயர்களின் கதை வேறு. அவற்றில் காந்தத்துக்குப் பதில் பீங்கான் கார்ட்ரிட்ஜ் இருக்கும். அது சில நூறு மில்லிவோல்ட்டைத் தானே தரும், பிரீஆம்ப் வேண்டாம் என்று மகிழலாம். ஆனால் அதற்கு 10 லட்சம் ஓம் அளவுக்குத் தடை எதிரே இருக்க வேண்டும். கணினியின் லைன்-இன் 10,000 ஓம் மட்டுமே. கார்ட்ரிட்ஜின் கொள்ளளவு 800 பிக்கோஃபாரட் என்று கொண்டால், 10 லட்சம் ஓமில் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழேதான் ஒலி சரியத் தொடங்கும். 10,000 ஓமில் 20,000 ஹெர்ட்ஸிலிருந்தே சரிந்து வரும். அதாவது பாட்டு முழுவதுமே சரிவில் உட்கார்ந்திருக்கும். இன்னொன்று, மிகப் பழைய வால்வு பிளேயர்கள் சிலவற்றில் டிரான்ஸ்ஃபார்மரே கிடையாது. இரும்புச் சட்டமே 230 வோல்ட்டோடு தொட்டுக்கொண்டிருக்கலாம். அதைக் கணினியோடு இணைக்கும் யோசனையைத் தெரிந்த மெக்கானிக்கிடம் காட்டாமல் நிறைவேற்ற வேண்டாம்.

பிரீஆம்பிலிருந்து சரியான அளவு வந்தாயிற்று. அது எந்தத் துளைக்குப் போகிறது? மேசைக் கணினியில் நிறம் பார்த்தால் போதும்: நீலம் லைன்-இன், பச்சை வெளியீடு, இளஞ்சிவப்பு மைக். 1990-களின் கடைசியில் மைக்ரோசாஃப்டும் இன்டெலும் வகுத்த நிறங்கள் இவை. லேப்டாப்பில் ஒரே துளைதான், அதுதான் வம்பு. உங்கள் கம்பியின் முனையில் உள்ள கருப்பு வளையங்களை எண்ணுங்கள். இரண்டு வளையம் என்றால் இடது, வலது, பொதுக்கம்பி என மூன்று தொடர்புகள். மூன்று வளையம் என்றால் நான்காவதாக ஒரு மைக். லேப்டாப்பின் ஒற்றைத் துளையில் இரண்டு வளையக் கம்பியைச் செருகினால் கணினி அதை ஹெட்போன் என்று நினைத்துக்கொள்ளும். அந்தத் துளை ஒலியை வெளியே விடக் காத்திருக்கும். நீங்கள் உள்ளே அனுப்பிக்கொண்டிருப்பீர்கள்.

இதில் விசித்திரம், மீட்டர் ஆடும். பாட்டும் பதிவாகும், கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல். ஏனென்றால் லேப்டாப்பின் சொந்த மைக், அறையில் ஸ்பீக்கர் பாடுவதைக் கேட்டுப் பதிந்துகொண்டிருக்கும். சரணம் நடுவே குக்கர் மூன்று விசில் அடித்த பிறகுதான் சிலருக்கு விஷயம் புரியும். அதுவரை காத்திருக்க வேண்டாம். தட்டு ஓடாதபோது, கீபோர்டுக்கு மேலே விரல் நகத்தால் மெல்லக் கீறுங்கள். மீட்டர் துள்ளினால் பதிவது உள் மைக். ஐந்து நொடிச் சோதனை, செலவு பூஜ்யம்.

நான்கு தொடர்புக் கம்பி வாங்கி மைக் வழியாகவே அனுப்பலாமே என்று கேட்பார்கள். மைக் வாசல் சில மில்லிவோல்ட்டிலிருந்து சில பத்து மில்லிவோல்ட்வரை எதிர்பார்ப்பது. 400 வந்தால் வாசலிலேயே தலை வெட்டுப்படும். மேலே 10, 20, 30 டெசிபல் மைக் பூஸ்ட் வேறு ஏற்றிவைத்திருக்கும். கணினியில் அளவைக் குறைத்துவிட்டேன், மீட்டர் பாதியில்தான் நிற்கிறது, ஆனாலும் கரகரக்கிறது என்றால் அலையைப் பெரிதாக்கிப் பாருங்கள். உச்சிகள் மலைமுகடு போல் கூராக இருக்க வேண்டும். பாதி உயரத்திலேயே எல்லா உச்சியும் கத்தரித்தாற்போல் ஒரே கோட்டில் தட்டையாக நின்றால், வெட்டு நடந்தது மென்பொருளின் அளவுத் திருகுக்கு முன்னால். அதற்குப் பின்னால் எதைக் குறைத்தும் பயனில்லை.

மைக் வாசல் ஒரே சேனல் என்பது அடுத்த இழப்பு. கடைகளில் 250 ரூபாய்க்குக் கிடைக்கும் விரல் நீள யூஎஸ்பி சவுண்ட் கார்டுகளிலும் இதே கதை: பச்சைத் துளை ஒன்று, இளஞ்சிவப்புத் துளை ஒன்று, இளஞ்சிவப்பு மோனோ மைக். இந்தக் கணக்கேட்டில் நான் எழுதும் பொருள்களிலேயே கடைசியில் அதிக விலைக்கு வந்து முடிவது இந்த 250 ரூபாய்ப் பொருள்தான். ஆர்சிஏ துளைகள் இரண்டு உள்ள யூஎஸ்பி பெட்டியாகப் பார்த்து வாங்க வேண்டும். பெஹ்ரிங்கரின் யூஎஃப்ஓ202 போன்றவற்றில் ஃபோனோ பிரீஆம்பும், எர்த் திருகும், ஃபோனோ–லைன் சுவிட்சும் சேர்ந்தே இருக்கும். பதிவது 16 பிட், 48,000 வரை. மேலே சொன்ன 90 டெசிபல் கணக்குப்படி வீட்டு உபயோகத்துக்கு இதுவே தாராளம்.

சேனல் சோதனை: பாட்டு ஓடும்போது சிவப்புப் பின்னைப் பிடுங்குங்கள். வலது மீட்டர் மட்டும் விழ வேண்டும். இரண்டும் சேர்ந்து குறைந்தால் எங்கோ மோனோவாகக் கலக்கிறது. அந்த “எங்கோ” பல சமயம் விண்டோஸ்தான். யூஎஸ்பி பெட்டிகளை அது மைக் என்று பெயர் சூட்டி, ஒரு சேனல் என்று அமைத்துவிடுவது உண்டு. ரெக்கார்டிங் பட்டியலில் அந்தக் கருவியின் பண்புகளில், அட்வான்ஸ்டு பக்கத்தில் 2 சேனல் என்று மாற்ற வேண்டும்.

அதே பக்கத்துக்கு அருகில் என்ஹான்ஸ்மென்ட் என்று ஒன்று இருக்கும். இரைச்சல் ஒடுக்கம், எதிரொலி நீக்கம், தானியங்கி அளவுக் கட்டுப்பாடு எல்லாம் தொலைபேசிப் பேச்சுக்காகச் செய்தவை. தொடர்ந்து மாறாமல் ஒலிப்பதெல்லாம் இரைச்சல் என்பதே இரைச்சல் ஒடுக்கத்தின் கொள்கை. கர்நாடக சங்கீத எல்பி ஒன்றை இதன் வழியாகப் பதிந்து பாருங்கள். ஆலாபனை தொடங்கிச் சில நொடிகளில் தம்புரா கரைந்துபோகும். மின்விசிறியும் தம்புராவும் அதற்கு ஒன்றுதான். தானியங்கிக் கட்டுப்பாடு இன்னொரு விதம்: இரண்டு பாட்டுக்கு நடுவே உள்ள மௌனத்தில் தட்டின் உரசல் ஒலி மெல்ல வீங்கி எழும், அடுத்த பாட்டின் முதல் அடியில் சட்டென்று ஒடுங்கும். எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். எல்லாம் சரியாக இருந்தும் அலை நேர்கோடாகவே நின்றால், விண்டோஸ் 10-இலும் அதற்குப் பிறகும், மேக்கில் 2018-இன் மொஹாவியிலிருந்தும், மைக்ரோஃபோன் அனுமதி என்ற பூட்டு இருக்கிறது. லைன்-இன் வழியாக வருவதையும் அது மைக் என்றே கருதும்.

இனி ஹம். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஆர்ஐஏஏ வளைவு 50 ஹெர்ட்ஸை 17 டெசிபல் தூக்கிவிடுகிறது, 7 மடங்கு. நூறு மடங்குப் பெருக்கத்தோடு சேர்த்தால் 700 மடங்கு. கார்ட்ரிட்ஜ் கம்பியில் 10 மைக்ரோவோல்ட், அதாவது ஒரு வோல்ட்டில் லட்சத்தில் ஒரு பங்கு, மின்சாரக் கசிவு புகுந்தால் போதும். வெளியே 7 மில்லிவோல்ட் ஹம்மாக வரும். 400 மில்லிவோல்ட் பாட்டுக்கு அது 35 டெசிபல்தான் கீழே. மௌனமான இடத்திலெல்லாம் தெளிவாகக் கேட்கும். அந்தப் பச்சைக் கம்பி இதற்காகத்தான் இருக்கிறது. முனையில் யு வடிவத் தகடு இருக்கும். பிரீஆம்பில் எர்த் திருகைத் தளர்த்தி அதற்கடியில் செருகி இறுக்க வேண்டும். ஆளாளுக்கு அது எதற்கு என்று தெரியாமல் செல்லோடேப் போட்டுச் சுருட்டி வைத்திருப்பார்கள்.

பச்சைக் கம்பியைக் கட்டிய பிறகும் உறுமல் இருந்தால் லேப்டாப்பின் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். நின்றுவிட்டால் எர்த் இரு வழியாகப் போய் வளையம் போட்டிருக்கிறது. பக்கத்துக்கு 22 நிமிடம்; பாட்டரியில் மூன்று பக்கம் பதிந்துவிட்டுச் சார்ஜ் ஏற்றலாம், அல்லது ஆம்ப்ளிஃபையரையும் லேப்டாப்பையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகிப் பார்க்கலாம். மூன்று பின் பிளக்கின் எர்த் பின்னை உடைத்து ஹம்மை நிறுத்தும் வித்தை சில கடைகளில் புழங்குகிறது. ஹம் நிற்கும், அன்றிலிருந்து 230 வோல்ட்டுக்கும் உங்கள் கைக்கும் நடுவே காவல் இருக்காது. கேட்கும் உறுமல் மின்சாரத்தாலா மோட்டாராலா என்று தெரியாதவர்கள், ஊசியைத் தூக்கி வைத்துப் பத்து நொடி பதிந்து, ஆடாசிட்டி என்ற பதிவு மென்பொருளில் அலைவரிசைப் படம் போட்டுப் பார்க்கலாம். 50, 100, 150 என்று வேலிக்கம்பம் போல் நின்றால் மின்சாரம். ஊசி தூக்கினால் ஒழிந்துபோகிறது என்றால் மோட்டாரின் அதிர்வு தட்டு வழியே வருகிறது. கம்பியைக் குறை சொல்ல வேண்டாம்.

அடுத்தது எனக்குப் பிடித்த சோதனை. பதிவில் “டிக், டிக்” என்று வருகிறது. தட்டில் உள்ள கீறலா, கணினி தடுமாறுகிறதா? 60-ஐ 33⅓-ஆல் வகுத்தால் 1.8. எல்பியில் குறுக்கே விழுந்த கீறல் துல்லியமாக 1.8 நொடிக்கு ஒருமுறை ஊசியின் அடியில் வரும். 45-இல் 1.33 நொடி. 78-இல் 0.77. மென்பொருளில் ஒரு டிக்கிலிருந்து அடுத்த டிக்வரை தேர்ந்தெடுத்தால் நீளத்தை அதுவே காட்டும். 1.8, 1.8, 1.8 என்று வந்தால் தட்டு. 0.4, 3.1, 0.9 என்று தாறுமாறாக வந்தால் கணினி. உருவத்திலும் வித்தியாசம் தெரியும்: கீறல் அலையின் மேல் முள்போல் எழுந்து அடங்கும், கணினி மாதிரிகளைத் தவறவிட்டால் அலை ஓரிடத்தில் வெட்டி வேறிடத்தில் ஒட்டியதுபோல் செங்குத்தாகத் தாவும். கீறலைப் பிறகு சரிசெய்யலாம். தவறவிட்ட மாதிரி திரும்பி வராது. யூஎஸ்பி ஹப்பை விட்டுக் கணினியிலேயே நேராகச் செருகுவது, ஆடாசிட்டியின் பஃபரை அதன் வழக்கமான 100 மில்லிநொடியிலிருந்து இரண்டு மடங்காக்குவது, பின்னணியில் ஓடும் அப்டேட்டை நிறுத்துவது என்ற வரிசையில் பார்க்கலாம். 100 மில்லிநொடி என்பது 4,410 மாதிரி. கணினி வேறு வேலையில் அந்த அளவுக்கு மேல் தாமதித்தால் துளை விழும்.

சுருதிக் கோளாறுக்கும் எண் உண்டு. கருவி 44,100-இலும் மென்பொருள் 48,000-இலும் நின்றால் பாட்டு 8.8 சதவீதம் வேகமாகும், சுருதி கிட்டத்தட்ட ஒன்றரை அரைச்சுரம் ஏறும். ஒரு கட்டையில் பாடியவர் ஒன்றரைக்கும் இரண்டுக்கும் நடுவே, எந்த ஆர்மோனியத்திலும் இல்லாத இடத்தில் நிற்பார். நேர்மாறாக நின்றால் 180 நொடிப் பாட்டு 196 நொடி ஆகும். ஒரு பாட்டைத் தட்டு ஓடும்போது கைக்கடிகாரத்தில் அளந்து, பதிவின் நீளத்தோடு ஒப்பிட்டால் போதும். இரண்டும் ஒத்துப்போய், பாட்டு மட்டும் மந்தமாக இருந்தால் பிளேயரின் வேகத்தைச் சந்தேகிக்கலாம். அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்த பழைய பிளேயரின் மோட்டார் 60 ஹெர்ட்ஸை நம்பிச் சுழல்வதாக இருந்தால், இங்கே 50 ஹெர்ட்ஸில் 33⅓-க்குப் பதில் 27.8 தான் சுழலும். வேகம் பார்க்கும், கோடு போட்ட வட்டும் அங்கிருந்தே வந்திருந்தால் இன்னும் வேடிக்கை: 50 ஹெர்ட்ஸ் வெளிச்சத்துக்கு 180 கோடு வேண்டும், அவர்களுடையதில் 216. நம் டியூப்லைட்டின் கீழ் அது அசையாமல் நிற்பதும் அதே 27.8-இல்தான். தப்பான வேகத்துக்குத் தப்பான சாட்சி.

இதுவரை சொன்னதை முன்சோதனைக் கணக்காகப் போடுகிறேன். கருப்பு வளையம் எண்ண 10 நொடி, நகத்தால் கீற 5, சிவப்புப் பின்னைப் பிடுங்கிச் செருக 20, ஊசி தூக்கிப் பதிந்து படம் பார்க்க 2 நிமிடம், சார்ஜர் சோதனை 1 நிமிடம், கடிகாரத்தோடு ஒரு பாட்டு 3 நிமிடம், அதைக் காதில் ஹெட்போன் போட்டு முழுவதும் கேட்க இன்னொரு 3 நிமிடம். பத்து நிமிடத்துக்குள் முடிகிறது. 57 மணி என்பது 3,420 நிமிடம். அதில் 10 நிமிடம் 0.3 சதவீதம். கருவிகளை மேசையிலிருந்து எடுத்துவிட்டு மறுபடி இணைக்கும் ஒவ்வொரு முறையும் இந்தப் பத்து நிமிடத்தைச் செலவிட்டாலும் கட்டுப்படியாகும்.

மோனோ தட்டுகளுக்கு ஒரு சலுகை உண்டு. 1970-களின் பெரும்பகுதிவரை வந்த தமிழ்த் திரைப்பாட்டு இபிக்கள் பெரும்பாலும் மோனோதான். அவற்றையும் இரண்டு சேனலாகவே பதிந்து, பிறகு இரண்டையும் கூட்டிப் பாதியாக்குங்கள். பாட்டு இரு சேனலிலும் ஒன்றே என்பதால் குறையாது; உரசல் ஒலி இரண்டிலும் வெவ்வேறு என்பதால் சுமார் 3 டெசிபல் இறங்கும். கோப்பின் அளவும் பாதியாகும். ஒரு சேனலை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை எறிகிறவர்களுக்கு அந்த 3 டெசிபல் கிடைக்காது.

பெட்டியின் அடியில் 78 சுழற்சித் தட்டுகள் கிடந்தால் அவை மேலே போட்ட 57 மணியில் சேரவில்லை. அவற்றின் பள்ளம் அகலம். எல்பியின் 18 மைக்ரான் ஊசி அதன் அடியில் உருண்டு வெறும் தூசியைத்தான் படிக்கும், 76 மைக்ரான் ஊசி தனியாக வாங்க வேண்டும். பிளேயரில் 78 வேகம் இல்லையென்றால் 45-இல் ஓட்டிப் பதிந்து, மென்பொருளில் 1.733 மடங்கு வேகமாக்கலாம். அவற்றில் பல ஆர்ஐஏஏ வளைவுக்கு முந்தியவை என்பதால் அடிநாதத்தையும் உச்சநாதத்தையும் காதால் கேட்டுக் கொஞ்சம் திருத்த வேண்டியிருக்கும். பக்கத்துக்கு 3 நிமிடப் பாட்டு 45-இல் ஓட 5.2 நிமிடம் எடுக்கும். இருபது தட்டு, நாற்பது பக்கம்: 208 நிமிடம், மூன்றரை மணிக்குக் கொஞ்சம் குறைவு. மொத்தத்தில் அதையும் கூட்டிக்கொள்ளுங்கள், இரண்டாவது ஊசியின் விலையையும்.